குடவோலையைத் திரும்பக் கொண்டு வரலாமா? உத்திரமேரூர் சபையும் இன்றைய ஊராட்சியும்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே ஒரு குரல் எழுகிறது. "ஓட்டுக்குப் பணம், கட்சிச் சண்டை, கமிஷன் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, சோழர் காலத்துக் குடவோலையையே கொண்டு வந்தால் என்ன?" பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்த சங்கதிதான்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஊர் வேலைக்கு ஆள் எடுக்கும் முறை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது அந்த முறையைக் கல்வெட்டில் எழுதி வைத்த உத்திரமேரூரைப் பிரதமரும் குறிப்பிட்டார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அடிக்கடி காதில் விழுகிறது.

கேட்பவர்களின் கோபம் நியாயமானது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். ஆனால் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடைப்பட்ட காலமெல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். இதைப் பார்த்துச் சலித்தவர் பழையதைத் தேடிப் போவதில் ஆச்சரியமில்லை.

அதனால் இதை நிஜமான தேர்வாகவே எடுத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

ஐந்து கேள்விகள் போதும்.

1. பொறுப்புக்கு யார் வர முடியும்? யார் வரவே முடியாது?
2. தப்பு செய்தவரை வெளியே அனுப்ப வழி உண்டா?
3. கணக்கு யாரிடம், எப்போது காட்டப்படுகிறது?
4. ஊரே எதிர்த்து நின்றாலும், தனியாளாக நிற்பவர் போய் முறையிட ஓர் இடம் இருக்கிறதா?
5. எவ்வளவு பெரிய வேலையை அந்த அமைப்பு தாங்கும்?

இவற்றில் நான்காவதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். மற்ற நான்கிலும் நன்றாக இருந்து இதில் மட்டும் சறுக்கும் ஓர் அமைப்பில், பெரும்பான்மையோடு இருப்பவர் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். மற்றவர் கதி?

## வழி 1: குடவோலை, அன்று இருந்தபடியே

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது (919), மற்றது 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது (921). முதலில் எழுதிய விதிகளை இரண்டே ஆண்டில் சபை திருத்தியிருக்கிறது. 30 முதல் 60 என்று இருந்த வயது வரம்பு, 35 முதல் 70 என்று மாறியது.

நடைமுறையைக் கிட்ட நின்று பார்க்கலாம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். பெரியவர் சிறியவர் எல்லோரும் சபையில் கூடியிருக்க, கோயில் நம்பிமார் (அர்ச்சகர்கள்) அனைவரும் நடுமண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலை. சபையின் நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான். அவன் வாசித்த பிறகு அதே ஓலையை நம்பிமாரும் வாசிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு; வாரியம் என்றால் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வேலைக்காலம் 360 நாள்.

இதில் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. பாடப்புத்தகம் தேர்தல் என்று சொல்லிவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஊர் விரும்பியவர் என்று எவரும் வாரியத்தில் உட்காரவில்லை. தகுதி வரம்புக்குள் வந்தவர்களில் குலுக்கலில் விழுந்தவர் உட்கார்ந்தார். ஓட்டுக்குப் பணம் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

கணக்கு விஷயத்தில் இந்தச் சபையின் கண்டிப்பை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் ஏறாது. அவர் பெயர் மட்டுமா? சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, கூடப்பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மச்சான், மருமகன், அப்பன், மகன் என்று பட்டியல் நீள்கிறது; இவர்கள் யார் பெயரும் ஏறாது. கள்ளக் கையெழுத்துப் போட்டவனுக்கும் இடமில்லை. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரும் நிற்க முடியாது. கணக்கு எழுதுபவன் தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். இன்னொரு கணக்கன் வந்து அதை முடித்துவைக்கக் கூடாது. அதில் அவன் சுத்தம் என்று தெரியும் வரை மறுபடி கணக்கெழுதும் வேலை கிடையாது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். குடத்தில் ஏறுகிற பெயர் யாருடையது? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். பின்னாளைய தஞ்சைக் கணக்கில் ஒரு வேலி 6.67 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை ஏக்கருக்கும் கூடுதல். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவராக இருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குத் தானமாக வந்த ஊர், அதாவது பிரமதேயம். அதே ஊரில் உழுதவர், நெய்தவர், வண்ணார், குயவர், பறையர், எந்தச் சாதியையும் சேர்ந்த பெண்கள், இவர்களில் ஒருவர் பெயர்கூட ஓலையில் ஏறியிருக்க முடியாது. பிரமதேயம் அல்லாத ஊர்களின் சபையிலும் நிலம் உடையவர்கள்தான் உட்கார்ந்தார்கள். பின்னர் வந்த முதலாம் இராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி விலக்குப் பெற்ற இடங்களை அடுக்கும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகச் சொல்கின்றன. அங்கே குடியிருந்தவர்களுக்கு அந்தச் சபையில் எந்தப் பேச்சும் இல்லை.

மறைமுகச் செலவுகளும் உண்டு. ஊர்ச் சபை அரசைத் தவிர்த்து இயங்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். 919-இல் சபை விதி செய்தபோது தத்தனூர் மூவேந்த வேளான் என்ற அரச அதிகாரி கூட உட்கார்ந்திருந்தான். 921-லும் அரசனின் ஆணையோடு ஓர் அதிகாரி வந்தான். மேலே ஒரு ராஜா இருந்தான், வரி அவனுக்குப் போனது, படை அவனுடையது. குடவோலையை மட்டும் பிய்த்து எடுத்து வந்தால் ராஜாவின் இடத்தில் யாரை வைப்பது என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

உறவினரையும் சேர்த்து ஒதுக்குகிற அந்த விதிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகளை வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபை கையகப்படுத்தி விற்க வேண்டும் என்ற அரச ஆணையைப் பற்றியது அது. கொன்றவர்கள் சொத்து மட்டும் போகவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தார், பிள்ளைகள், மாமன்மார், பெண் எடுத்தவர், கொடுத்தவர் சொத்தும் போனது. கணக்குக் காட்டாதவனின் மருமகனை ஒதுக்குகிற அதே தர்க்கம்தான் இங்கே ஒன்றும் செய்யாத மருமகனின் வீட்டைப் பறிக்கிறது. அவன் எங்கே போய் முறையிடுவான்? அரசனே ஆணையிட்ட பிறகு அதற்கு மேலே ஓர் இடம் இல்லை.

## வழி 2: இன்றைய ஊராட்சி, அப்படியே

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடப்புக்கு வந்தது. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 21 வயதான எவரும் நிற்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம். பெண்களுக்கு 2016 திருத்தத்துக்குப் பிறகு பாதி இடம். முதல் கேள்வியில் குடவோலையோடு ஒப்பிடவே முடியாத உயரம் இது.

காகிதத்தில் உள்ள உயரம் தெருவில் இருக்கிறதா என்றால், பல ஊர்களில் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-லிருந்து பத்தாண்டு தேர்தலை உருப்படியாக நடக்கவே விடவில்லை, 2006-இல்தான் நடந்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராக வென்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது.

இதையெல்லாம் காட்டி "பார்த்தீர்களா, நவீனச் சட்டமும் தோற்றுவிட்டது" என்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும். மேலவளவில் கொலையாளிகளுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தெற்குத்திட்டையில் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊருக்கு மேலே ஒரு சட்டம் இருந்ததால் வந்தது இந்தக் கொஞ்சமும். பழைய விதியில் முருகேசன் பெயர் ஓலையிலேயே ஏறியிருக்காது. கொல்ல வேண்டிய தேவைகூட எழுந்திருக்காது. அந்த அமைதியை நல்லாட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செலவுக் கணக்குக்கு வருவோம். தேர்தலில் நிற்கப் பணம் வேண்டும். செலவழித்தவர் அதைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். 2019 தேர்தலின்போது சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. பெண் தலைவர் கையெழுத்துப் போட, கணவர் நாற்காலியில் உட்காருவது பல ஊர்களில் பழகிப்போன காட்சி. தவறு செய்த தலைவரை நீக்குகிற அதிகாரம் வாக்காளரிடம் இல்லை, ஆட்சியரிடம் இருக்கிறது. நேர்மையான தலைவரையும் அதே அதிகாரத்தைக் காட்டி மிரட்டலாம். தன் பெயரில் ஒப்பந்தம் எடுக்க உறுப்பினருக்குத் தடை உண்டு. மச்சான் பெயரில் எடுத்தால் கண்டுபிடிப்பதற்குள் ரோடு பெயர்ந்துவிடும்.

கணக்கு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்று ஆக்கினார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரவு செலவு வேகமாக வாசிக்கப்படும், கையெழுத்து நோட்டு சுற்றி வரும், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். தலைவருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு "அந்த ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்பதற்கு உத்திரமேரூர் மாதிரி ஏற்பாடு எதுவும் இல்லை.

## வழி 3: சட்டம் வேண்டாம், ஊர்ப் பெரியவர்கள் போதும்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பழைய முறை வேண்டும் என்று பேசுகிறவர்களில் சிலர் மனதில் இருப்பது உத்திரமேரூர் அல்ல, ஆலமரத்தடிப் பஞ்சாயத்து. செலவில்லை, வாய்தா இல்லை, ஒரே நாளில் முடிந்துவிடும். வரப்புத் தகராறுக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் இது உதவியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குடவோலையில் இருந்த கட்டுகளில் ஒன்றுகூட இங்கே கிடையாது. எழுதிய விதி இல்லை, காலக்கெடு இல்லை, கணக்கு இல்லை. காதலித்துக் கல்யாணம் செய்தவர்களை ஊரைவிட்டு ஒதுக்குவதும் அபராதம் போடுவதும் இங்கேதான் நடக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்றே சொல்லிவிட்டது. சீக்கிரம் முடிய வேண்டும், வக்கீல் செலவு ஆகக் கூடாது என்பது உங்கள் தேவையானால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வரும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

## வழி 4: இன்றைய சட்டம், அதற்குள் குடவோலை விதிகள்

யார் ஆள்வது என்பதை ஓட்டு முடிவு செய்யட்டும். ஆள்பவரை யார் கண்காணிப்பது என்பதைக் குடம் முடிவு செய்யட்டும். நான் போய் நிற்கிற இடம் இதுதான்.

ஊராட்சிகளில் பணிகள் குழு, கல்விக் குழு, வேளாண்மை-நீர்வளக் குழு என்று குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வாரியங்களின் இன்றைய உருவம் என்றே சொல்லலாம். பெரும்பாலும் தலைவருக்கு வேண்டியவர்கள் பெயரால் நிரம்பிப் பெயரளவில் கிடக்கின்றன. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு கணக்குப் பார்வைக் குழுவை எடுத்து, வேலை நடந்த இடம், அளவு, பில் மூன்றையும் ஒத்துப் பார்த்து கிராம சபையில் வாசிக்கச் சொல்லலாம். ஓராண்டு முடிந்ததும் கலைந்துவிட வேண்டும். மூன்றாண்டுக்கு அதே ஆள் வரக் கூடாது.

குலுக்கல் நமக்குப் புதிதல்ல. இரண்டு வேட்பாளர் சம ஓட்டு வாங்கினால் இன்றும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். அயர்லாந்தில் 2016-இல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்து ஒரு மன்றம் அமைத்தார்கள். கருக்கலைப்புத் தடையைப் பற்றி அது மாதக்கணக்கில் விவாதித்துப் பரிந்துரை கொடுத்தது. நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொண்டு, 2018-இல் பொது வாக்கெடுப்பு நடந்து, 66 சதவீதத்துக்கு மேல் மாற்றத்துக்கு வாக்களித்தார்கள். குலுக்கலில் வந்தவர்கள் யோசித்தார்கள், கடைசி முடிவு ஓட்டில் இருந்தது.

உறவினரை ஒதுக்கும் விதியை அப்படியே எடுக்கக் கூடாது; உடையார்குடியில் நடந்ததுதான் நடக்கும். உறவினர் நிற்பதைத் தடுக்காமல், உறவினர் ஒப்பந்தம் எடுப்பதைத் தடுக்கலாம். தலைவர், துணைத் தலைவர், செயலர் மூவரும் அதே சின்னம்மா பெரியம்மா பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், மச்சான் பெயரில் ஒப்பந்தம் எடுத்ததை ஊரே படித்துவிடும். கணக்கன் விதியை ஒரு வார்த்தை மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்: மாற்றலாகிப் போகும் செயலர் தன் காலத்துக் கணக்கைத் தானே வந்து ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

இந்த வழிக்கும் விலை உண்டு. முதலாவது, கூலி வேலைக்குப் போகிறவர் பெயர் குலுக்கலில் வந்தால் அவர் ஒரு நாள் கூலியை இழப்பார். குழுவில் உட்காரும் நாளுக்குப் படி கொடுக்காவிட்டால் ஏழைகள் விலகிக்கொள்வார்கள், பழையபடி நிலம் உள்ளவர்களே மிஞ்சுவார்கள். இரண்டாவது, குலுக்கல் தானாக நியாயம் செய்துவிடாது. ஊரில் பத்தில் ஒருவர் ஒரு காலனியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்க ஒரே குடத்தில் போட்டு 12 பேரை எடுத்தால், அந்தக் காலனியிலிருந்து ஒருவர்கூட வராமல் போக 100-க்கு 28 வாய்ப்பு இருக்கிறது. அதனால் குடும்புவாரியாகக் கட்டியதுபோல வார்டுவாரியாக, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றாவது, பயம். சாதி இறுக்கமான ஊரில் குழுவில் பெயர் வந்தவர் வாயைத் திறக்க மாட்டார். அந்த இடத்தில் வெளியாள் தணிக்கையும் காவல்துறைப் பாதுகாப்பும் இல்லாமல் குடம் மட்டும் எதையும் செய்துவிடாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குடவோலை அப்படியே | இன்றைய ஊராட்சி | ஊர்ப் பெரியவர்கள் | கலப்பு |
|---|---|---|---|---|
| யார் வரலாம் | நிலம், வேதம், ஆண் | 21 வயதான எவரும் | சாதியும் செல்வாக்கும் உள்ளவர் | தலைமைக்கு ஓட்டு, கண்காணிப்புக்குக் குலுக்கல் |
| வெளியேற்றம் | 360 நாளில் தானாக, குற்றம் கண்டால் உடனே | ஐந்தாண்டு, அல்லது ஆட்சியர் | வழியில்லை | தலைவருக்கு ஓட்டு, குழுவுக்கு ஓராண்டு |
| கணக்கு | மிகக் கண்டிப்பு | சட்டத்தில் உண்டு, நடப்பில் தளர்ச்சி | இல்லை | கண்டிப்பாக்கலாம் |
| தனியாளுக்கு முறையீடு | அரசனோடு முடிந்தது | உச்ச நீதிமன்றம் வரை | இல்லை | உச்ச நீதிமன்றம் வரை |
| மறைமுகச் செலவு | அரசன் தேவை, பெரும்பான்மை வெளியே | பணம், ஏலம், தனி அலுவலர் | மிரட்டல், ஒதுக்கிவைப்பு | படிக்காசு, பாதுகாப்பு |

## எந்த நிலைமைக்கு எது?

ஏரி, கண்மாய், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுச் சொத்துக்குக் குடவோலைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இடம் கொடுக்கலாம். தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்பது பாய்ச்சுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஓராண்டுச் சுற்று பயிர்ப் பருவத்தோடும் பொருந்தும். அன்றும் ஏரி வாரியம் என்று ஒன்று தனியாக இருந்தது. ஆனால் நிலம் உள்ளவரோடு குத்தகைக்காரரையும், ஆடு மாடு வைத்திருப்பவரையும், மீன் பிடிப்பவரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கோடிக்கணக்கில் ஒப்பந்தம், வரி விதிப்பு, மருத்துவமனை, பல ஊர்களை இணைக்கும் குடிநீர்த் திட்டம் என்று வந்தால் ஓட்டு வாங்கி வந்தவர்தான் வேண்டும். 360 நாளில் மாறும் குழுவால் நான்கு ஆண்டுத் திட்டத்தைச் சுமக்க முடியாது. தப்பு நடந்தால் "குலுக்கலில் வந்தேன்" என்று கைகழுவிவிடவும் முடியும்.

சாதி மோதல் உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு என் பதில் இன்னும் கண்டிப்பானது. அங்கே எந்தப் பழைய முறையையும் தொடாதீர்கள். இருக்கிற சட்டத்தை இறுக்கிப் பிடியுங்கள். அரசமைப்பு நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் குகை என்ற பொருளில் கடுமையாகச் சாடியது இந்த ஊர்களைத்தான் நினைவுபடுத்துகிறது. அதே மாதம் அந்தச் சபை உறுப்பினர் கே. சந்தானம் கொண்டு வந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்து அரசமைப்புச் சட்டத்தில் 40-ஆம் பிரிவாக இடம்பெற்றது. இரண்டு பேரின் கவலையையும் சேர்த்துத்தான் இன்று நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்குச் சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உறவினர் ஒப்பந்தத் தடைக்கும், செயலர் கணக்கு விதிக்கும் அரசு ஆணையோ சட்டமோ வேண்டும். கணக்குப் பார்வைக் குழுவுக்கு அடுத்த கிராம சபைத் தீர்மானமே போதுமான தொடக்கம்: எத்தனை பேர், வார்டுக்கு எத்தனை, பெண்கள் எத்தனை, படி எவ்வளவு, எந்தக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பது என்ற ஐந்தையும் எழுதி, கையெழுத்து நோட்டு சுற்றி வருவதற்கு முன்பே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தலைவர் மறுத்தால் மறுத்ததையும் பதிவு செய்யச் சொல்லி, நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.